பினாங்கில் நான்கு இரவு: பெரிய பழைய ஹோட்டலா, சின்ன பூட்டிக் ஹோட்டலா?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மனைவியோடு மலேசியாவின் பினாங்கு தீவுக்குப் போகிறார், நான்கு இரவு. அவருக்கு ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் என்ற பெரிய பழைய ஹோட்டலில், சுருக்கமாக ஈ அண்ட் ஓவில், தங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மனைவிக்கோ அங்கே ஜார்ஜ் டவுன் என்கிற பழைய நகரத்துச் சந்து ஒன்றில் இருக்கிற, மொத்தமே பத்துப் பதினைந்து அறை கொண்ட பூட்டிக் ஹோட்டலின் படம் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "பழசு வேண்டாம், ஈர வாடை அடிக்கும். புதுசாக, நவீனமாக ஒன்று பார்ப்போம்" என்பது மனைவியின் கட்சி. அந்த அம்மாவுக்குத் தூக்கம் லேசு, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார். இருவரும் சைவம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எதை எடுப்பது என்பது கேள்வி.

நான் சென்னையில் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸில் பதினான்கு வருடம் நின்றவன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது பினாங்கு தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில். அதனால் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போய் வருவது எனக்குப் பழகிப்போன காரியம். இரண்டு வகையிலும் தங்கியிருக்கிறேன், இரண்டிலும் அவதிப்பட்டும் இருக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பழசு என்று ஆசைப்படுகிற ஈ அண்ட் ஓவில் உங்களுக்குக் கிடைக்கும் அறை 2013இல் திறந்த கட்டடத்தில் இருக்கலாம். உங்கள் மனைவி புதுசு என்று காட்டுகிற பூட்டிக் ஹோட்டலோ, அநேகமாக நூறு வருடத்துக்கு முந்திய கடைவீடு (கீழே கடை, மேலே குடியிருப்பு) ஒன்றுக்குள்தான் இருக்கும். ஈ அண்ட் ஓவில் இப்போது இரண்டு பகுதிகள். ஒன்று ஹெரிடேஜ் விங், பழைய கட்டடம். இன்னொன்று விக்டரி அனெக்ஸ். பெயரைக் கேட்டால் ஏதோ மகாராணி காலத்தது மாதிரி இருக்கும். பார்வைக்கும் வெள்ளை வெளேரென்று பழையதன் தம்பி போலத்தான் நிற்கும். ஆனால் ஆள் புதுசு. முன்பு அங்கே இருந்த கட்டடத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள், அவ்வளவுதான்.

இது பினாங்கில் மட்டும் நடக்கிற கதை இல்லை. மும்பை தாஜ் 1903இல் திறந்தது. அதை ஒட்டி நிற்கிற டவர் 1970களில் எழுந்தது. தாஜில் தங்கிவிட்டு வந்தேன் என்று சொல்கிறவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். நம் சென்னை கன்னிமராவிலேயே பழைய கட்டடத்தோடு, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த பகுதி ஒன்று சேர்ந்து நிற்கிறது. ஆகவே பெரிய பழைய ஹோட்டல் எதுவானாலும் பெயரைப் பார்த்து புக் பண்ணாதீர்கள், எந்த விங் என்று பார்த்து புக் பண்ணுங்கள். விலை குறைவாகத் தெரிகிறது என்று துள்ளிக் குதிப்பதற்கு முன்னால் அறை வகையின் பெயரை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

அந்தப் பக்கம் 'பூட்டிக்' என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஹோட்டலை ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் என்ற இருவர் திறந்தார்கள். மற்ற பெரிய ஹோட்டல்களெல்லாம் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் மாதிரி, எங்களுடையது பூட்டிக் மாதிரி என்று ரூபெல் சொன்னதாகத்தான் இந்தத் தொழிலில் சொல்வார்கள். நம் பாஷையில், தி.நகர் ஏழு மாடி ஜவுளிக்கடைக்கும், முகம் பார்த்ததுமே "உங்களுக்கு இந்தக் கலர் எடுபடாது" என்று சொல்லிவிடுகிற சின்னக் கடைக்கும் உள்ள வித்தியாசம். சின்னக் கடையில் கவனிப்பு உண்டு. உங்கள் அளவு அங்கே இல்லையென்றால் இல்லைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பகல் நேரத்தில் இந்த இரண்டு இடங்களையும் தங்காமலேயே அனுபவிக்கலாம். ஈ அண்ட் ஓவில் மதியத் தேநீருக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பராக்குப் பார்த்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். லீத் தெருவில் சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சீனப் பெருவணிகர் கட்டிய வீடு. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். இடிந்துகொண்டிருந்ததை 1990களில் புதுப்பித்தார்கள், 2000இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இப்போது அது பதினெட்டு அறை கொண்ட பூட்டிக் ஹோட்டல். அதையும் டிக்கெட் வாங்கி, வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் அத்தனை ரிங்கிட் கொடுத்து அங்கே படுப்பதால் என்ன கிடைக்கிறது? ராத்திரியும் விடியற்காலையும் கிடைக்கின்றன. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்பதுதான் தங்குகிறவர் வாங்குகிற சரக்கு. எந்த ஹோட்டலின் பத்து மணி ராத்திரியும் ஏழு மணிக் காலையும் உங்களுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஈ அண்ட் ஓவின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அதன் அறை ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். 1885இல் தொடங்கியது. நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள், பாரசீகத்து இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்கள். ஈஸ்டர்ன் என்று ஒன்று, ஓரியண்டல் என்று ஒன்று. இரண்டையும் சேர்த்ததால் இந்த இரட்டைப் பெயர். 1887இல் இதே குடும்பம் சிங்கப்பூரில் தொடங்கியதுதான் ராஃபிள்ஸ். 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். எல்லாம் கப்பல் காலத்து ஹோட்டல்கள். இறங்குகிற பயணி பெட்டி படுக்கையோடு வருவார், அடுத்த கப்பலுக்கு நாள்கணக்கில் காத்திருப்பார், பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்கவும் இடம் வேண்டும். அதனால்தான் முன்னால் உட்காரும் பகுதி, அப்புறம் படுக்கை, அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டுச் சமையலறை அளவுக்குக் குளியலறை. ஏசி இல்லாத காலம் என்பதால் உயர்ந்த கூரை, காற்றோட்டத்துக்கு வராந்தா. சூயஸுக்குக் கிழக்கே இதைப் போல் இல்லை என்று விளம்பரம் செய்த ஹோட்டல் இது. அந்தச் செருக்குக்கு விலையும் கொடுத்தார்கள்: 1931இல் சார்க்கீஸ் கம்பெனி திவாலானது. பிறகு ஹோட்டல் கை மாறி, நலிந்து, 1996இல் மூடி, 2001இல் மறுபடி திறந்தது. 2019இல் ஹெரிடேஜ் விங்கை மீண்டும் ஒருமுறை புதுப்பித்தார்கள். ஆகவே ஈர வாடை பற்றி உங்கள் மனைவி பயப்பட வேண்டாம். அந்த வாடை வருவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் எது என்று பிறகு சொல்கிறேன்.

எழுத்தாளர் சாமர்செட் மாம் இங்கே தங்கினார் என்று சொல்வார்கள். சொல்லட்டும். பாங்காக் ஓரியண்டலிலும் அதைத்தான் சொல்கிறார்கள், ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த மனிதர் தூங்காத பழைய ஹோட்டல் தென்கிழக்காசியாவில் இருந்தால் அதைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

காசு கொடுக்க வேண்டியது அதன் காலைக்கு. மேற்கு மலேசியாவும் கிழக்கே இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தையே வைத்துக்கொண்டிருப்பதால் பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். ஆறரைக்கு நீங்கள் புல்வெளிக்கு வந்தால் இன்னும் இருட்டாக இருக்கும். தோட்டக்காரர் ஒருவர், துண்டு அடுக்குகிற பையன் ஒருவன், கடல் சுவரில் அலை மோதுகிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்போது, மேகம் இல்லாத நாளானால், வடக்கே நீருக்கு அப்பால் ஒரு மலை தெரியும். அது கெடா மாநிலத்து ஜெராய் மலை. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று அறிஞர்கள் சொல்கிற பகுதி. மாம் தூங்கிய அறையைவிட எனக்கு இதுதான் பெரிசு. மதியத் தேநீருக்கு வருகிறவருக்கு அந்த நேரத்துப் புல்வெளி கிடைக்காது. ஒன்று மட்டும் கவனம்: கடல் இருக்கிறது, கடற்கரை இல்லை. சுவருக்கு அப்பால் நேரே தண்ணீர்தான். மணலில் கால் வைக்க 'பத்து ஃபெரிங்கி' என்ற கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அறையும் கடல் பக்கம் என்று கேட்டு வாங்கினால்தான் கடல். இல்லாவிட்டால் ஃபார்க்குவார் தெருவின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இனி கடைவீட்டுக்கு வருவோம். இது எப்படி ஹோட்டலானது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரொம்ப காலம் இருந்தது. வாடகை ஏறவே ஏறாது என்பதால் உரிமையாளருக்கு இடித்துக் கட்டவும் ஊக்கம் இல்லை, பழுது பார்க்கவும் மனசில்லை. வீடுகள் அப்படியே உறைந்து நின்றன. 2000 பிறந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். தச்சர், டப்பாக்காரர், சாம்பிராணி செய்கிறவர் என்று எத்தனையோ தொழில்களும் அவர்களோடு போயின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. காலியான வீடுகளுக்கு விலை வந்தது, வாங்கியவர்கள் ஹோட்டலாக்கினார்கள். இன்று நீங்கள் படுக்கிற அழகான அறையில் முன்பு ஒரு குடும்பம் முழுசாக இருந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு படுங்கள் என்பதைத் தவிர நான் வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடைவீட்டின் உடம்பு இப்படி: முகப்பு ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளும். முன்னால் அஞ்சடி, அதாவது கூரை போட்ட நடைபாதை. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர், அதில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் வருவது நடுவில் உள்ள முற்றம் வழியாக. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கிணறு மாதிரி ஆக்கினால் எப்படியிருக்கும், அப்படி. மாடித் தளம் மரப்பலகை. ஏணிக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட ஒன்று மேலே போகும். லிஃப்ட் வைக்க அநேகமாக இடம் இருக்காது.

இந்த உடம்பைப் புரிந்துகொண்டால் எந்த அறை கெட்டது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். முன்பக்க அறைக்குத் தெருச் சத்தம். பின்பக்க அறைக்குச் சமையலறையும் ஏசி மோட்டார்களும். நடு அறைக்கு முற்றம். கீழ்த்தளத்து நடு அறையில் ஜன்னலே இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் பயப்படுகிற ஈர வாடை வந்தால் அங்கேதான் வரும். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். அவசரத்துக்கு சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தவர்கள் வீட்டில் சுவர் பொருக்கு விடும்.

ஒருமுறை எனக்கு நடந்தது. ஹோட்டல் பெயர் வேண்டாம். படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற அறை. பச்சை மரக்கதவு, பூப்போட்ட தரை ஓடு, பித்தளைக் குழாய். ஜன்னல் உண்டு என்று போட்டிருந்தார்கள், உண்மையிலேயே ஜன்னல் இருந்தது. மழை பெய்த முதல் ராத்திரி அது சொர்க்கம். முற்றத்தில் தாரை தாரையாக விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அதே முற்றத்தின் அடியில் மேசைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். காலைச் சாப்பாடு அங்கேதான். தட்டு, கரண்டி, நெத்திலி வறுக்கிற வாசனை, சூட்கேஸ் சக்கரம் ஓடுமேல் கடகடவென்று ஓடுகிற சத்தம், எல்லாம் கிணற்றுக்குள் பேசியது மாதிரி நேராக என் தலையணைக்கு வந்து சேர்ந்தன. பத்து மணிக்கு மாடி அறையில் இருந்தவர் செருப்போடு உலாத்தினார், எத்தனை அடி நடந்தார் என்று நான் எண்ணியே சொல்லியிருப்பேன். குறை சொல்லப் போனால், பாவம், வரவேற்பில் இருந்த பெண்தான் ஆம்லெட்டும் போட்டுக்கொண்டிருந்தார். மாற்றிக் கொடுக்க வேறு அறையும் இல்லை. சின்ன ஹோட்டலின் பலவீனம் அதுதான்: தப்பான அறை கிடைத்தால் போக்கிடம் இல்லை. பெரிய ஹோட்டலில் சண்டை போட்டாவது ஒன்றை வாங்கிவிடலாம்.

நியாயமாக மற்றதையும் சொல்ல வேண்டும். வேறு நாட்டில் ஒரு புகழ்பெற்ற பழைய ஹோட்டலில் தேக்குக் கட்டில், யானைக்கால் குளியல் தொட்டி எல்லாம் கொடுத்தார்கள். வெந்நீர் இருபது நிமிடம் கழித்து வந்தது. இரண்டு அறைக்கு நடுவே ஒரு பழைய கதவு; அந்தப் பக்கத்துக் கணவன் மனைவி யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய் வைப்பது என்று பேசியது முழுசும் கேட்டது. அவர்களும் தமிழர்கள், வேறென்ன.

உங்கள் மனைவியின் தூக்கத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். ஜார்ஜ் டவுனில் லவ் லேனும் சூலியா தெருவும் ராத்திரி வெகுநேரம் பாட்டும் கூத்துமாக இருக்கும். முதுகுப்பை மாட்டிய இளவட்டங்களின் பார்கள் அங்கேதான். அங்கே இருக்கிற ஹோட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வார இறுதியில் வேண்டாம். அதிலிருந்து நாலு நிமிடம் நடந்தால் முந்த்ரி தெரு. அது வேறு உலகம், சீக்கிரம் அடங்கிவிடும். குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூவர்ட் லேனும் அப்படித்தான். செவன் டெரஸஸ் என்று ஒன்று அங்கே இருக்கிறது, ஒரே வரிசையில் இருந்த ஏழு வீடுகளைச் சேர்த்து ஆக்கிய பூட்டிக் ஹோட்டல். நான் சொன்ன ஒற்றை வீட்டு நெருக்கடி இல்லாமல் இடம் தாராளம். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் எடுத்தால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே பாங்கு ஒலி எழுப்பிவிடும். எனக்கு அது பிடிக்கும், லேசாகத் தூங்குகிறவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈ அண்ட் ஓவின் பின்பக்கமும் முழு அமைதி என்று எண்ண வேண்டாம், அப்பர் பினாங்கு ரோட்டின் பார்கள் கிட்டத்தில்தான். கடல் பக்க அறையில் அது கேட்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். பினாங்கு தெரு, கடைத்தெரு சுற்றுவட்டாரம் முழுக்க நம் ஆட்கள்தான். ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெருவில் இப்போது இட்லி, பொங்கல், வாழையிலைச் சாப்பாடு. ஹோட்டல் காலைச் சாப்பாட்டை ஒரு நாளாவது தியாகம் செய்துவிட்டு அங்கே போங்கள். பூட்டிக் ஹோட்டலில் தங்கினால் ஐந்து பத்து நிமிட நடை. ஈ அண்ட் ஓவிலிருந்து என்றால் வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும், இருபது நிமிடமாவது ஆகும். அதே வட்டாரத்தில்தான் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. நீங்கள் சைவம் என்பதால் கேம்பெல் தெருவில் 1907இலிருந்து இருக்கிற ஹமீதியா என்ற நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) கடையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு போங்கள். நான் போனால் நின்றுவிடுவேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அரசின் சேவை வரியும் மேலே ஏறும் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதைப் பெரும்பாலும் ஹோட்டலிலேயே வாங்குவார்கள். நல்ல பூட்டிக் ஹோட்டல் மலிவு என்று நினைக்காதீர்கள். பதினைந்து அறையின் வருமானத்தில் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற வேண்டும். சில நாட்களில் அதன் நல்ல அறை விக்டரி அனெக்ஸின் சாதாரண அறையைவிட விலை கூடுதலாகவே இருக்கும்.

என் யோசனை: நான்கு இரவை இரண்டாகப் பிரியுங்கள். முதல் இரண்டு இரவு முந்த்ரி தெரு அல்லது ஸ்டூவர்ட் லேன் பக்கம் ஒரு பூட்டிக் ஹோட்டல், அதுவும் வார நாளில். ஊர் புதுசு, கால் துருதுருவென்று இருக்கும், அறையில் இருக்கவே மாட்டீர்கள். தெருதான் உங்கள் லாபி. கடைசி இரண்டு இரவு ஈ அண்ட் ஓ, ஹெரிடேஜ் விங், கடல் பக்கம். அதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். அங்கே போனபின் ஊர் சுற்றாதீர்கள், கொடுத்த காசுக்கு அந்தப் புல்வெளியிலேயே கிடங்கள். மனைவி தூங்கும்போது நீங்கள் முன்பகுதியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கலாம். இருபத்தைந்து வருடக் கல்யாணத்துக்கு அந்த வசதி போதாதா? கல்யாண நாள் எந்தப் பகுதியில் விழுகிறதோ அதை முதலில் புக் பண்ணிவிட்டு மற்றதை அதற்கேற்ப நகர்த்துங்கள். ராத்திரி விமானம் ஏறிக் காலையில் இறங்குகிறீர்கள் என்றால் மட்டும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மூன்று மணி செக்-இன் வரை தூக்கக் கலக்கத்தோடு சாய்ந்திருக்கப் பெரிய ஹோட்டலில் இடம் உண்டு. சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி இருந்தால் அதிகம்.

பிரிப்பது தொல்லை, ஒன்றுதான் வேண்டும் என்றால் ஹெரிடேஜ் விங்கை எடுங்கள். லேசான தூக்கத்தோடு கடைவீட்டு மரத்தளத்தில் நான்கு ராத்திரி என்பது கல்யாண நாள் பரிசு இல்லை. ஹெரிடேஜ் விங் கிடைக்காமல் அனெக்ஸ்தான் இருக்கிறது என்றால்? நான் பூட்டிக் பக்கம் போய்விடுவேன், அனெக்ஸ் நன்றாகவே இருந்தாலும். மேல்மாடி நீச்சல்குளமும் கடல் காட்சியும் வேண்டுமென்றால் அந்த ஊரில் அதைவிட உயரமான புது ஹோட்டல்கள் எத்தனையோ இருக்கின்றன.

புக் பண்ணியபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதை உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன். புக்கிங் தளத்தில் சிறப்புக் கோரிக்கை என்ற பெட்டியில் எழுதுவது பாதி நேரம் யார் கண்ணிலும் படாது. வருகிறவர்களின் பட்டியலை ராத்திரி ஷிஃப்ட் எடுத்து வைக்கும், காலையில் ஃப்ரண்ட் ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து யாருக்கு எந்த அறை என்று போடுவார். ஒரே வகை, ஒரே விலை என்றாலும் அறைகள் ஒன்றல்ல; லிஃப்டை ஒட்டியது உண்டு, ஹவுஸ்கீப்பிங் வண்டி நிற்கிற அறையை ஒட்டியது உண்டு. யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் அதுவும் யாருக்காவது போகத்தானே வேண்டும். ஆகவே மூன்று நாள் முன்னால் ஹோட்டலுக்கே நேராக ஒரு மெயில் போடுங்கள். ஈ அண்ட் ஓவுக்கு: பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு இல்லாத அறை, லிஃப்டிலிருந்து தள்ளி, இருபத்தைந்தாவது கல்யாண நாள். பூட்டிக் ஹோட்டலுக்கு: ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கும், காலைச் சாப்பாடு எங்கே போடுகிறார்கள், அறைக்கு மேலே இன்னொரு அறை இருக்கிறதா, ராத்திரி பத்துக்கு மேல் ஆள் இருப்பாரா. நாலு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் அந்த ஹோட்டலை நம்பலாம். "டோண்ட் வொர்ரி சார்" என்று மட்டும் வந்தால் வேறு பாருங்கள்.

அப்புறம், பெட்டி. ஆளுக்கு ஒன்று, சின்னதாக எடுத்துப் போங்கள். கடைவீட்டுப் படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள்தான்.